பாதித் தாங்கி ஏன் கூடத் தள்ளுகிறது?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் சம்பூர்ப் பக்கம். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டு சில்லுப் பெட்டி, அதன்மேல் திருகோணமலை ரவுனில் ஒட்டுவித்த செவ்வகத் தகரத் தாங்கி. நீளம் 3 மீற்றர், அகலம் ஒன்றரை மீற்றர், உயரம் 1.2 மீற்றர். கோடையில் வீடு வீடாகக் குடிதண்ணீர் ஊற்றுகிறீர்கள். நிறைத்துக்கொண்டு போனால் கரைச்சல் இல்லை. பாதி ஊற்றி முடிந்த பிறகு பிரேக் பிடித்தால் முன்னுக்குத் தள்ளுகிறது, நின்ற பிறகு பின்னுக்கு இழுக்கிறது, உழவு இயந்திரத்தின் பின்சில்லு லேசாகிவிட்டது போலத் தெரிகிறது. "பாரம் பாதிதானே, ஏன் கூடத் தள்ளுது? நடுவில ஒரு தகடு வைச்சா காணுமா? இதைப் பற்றி ஆராய்ச்சி இருக்கா? சீனக்குடா எண்ணெய்த் தாங்கியிலயும் இப்படி நடக்குமா?" இவ்வளவும்தான் நீங்கள் கேட்டது.

அவசரமாகப் பதில் வேண்டுமென்றால்: தகடு வையுங்கள், குறுக்காக வையுங்கள், ஒன்று அல்ல இரண்டு. காரணம் நீளமானது.

நிறைகுடம் தளும்பாது என்பது உங்கள் விஷயத்தில் அப்படியே உண்மை. மூடிவரை நிறைந்த தாங்கியில் தண்ணீருக்கு அசைய மேற்பரப்பே இல்லை, அது ஒரு இரும்புக் கட்டியைப் போலப் பெட்டியோடு சேர்ந்து நிற்கும். குறைகுடம்தான் கூத்தாடும். ஆனால் எல்லாக் குறைகுடமும் ஒரே மாதிரிக் கூத்தாடுவதில்லை என்பதில்தான் இந்த ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் எடையை மறந்துவிட்டு, தண்ணீர் எவ்வளவு தூரம் இடம் பெயர்கிறது என்று பாருங்கள். பாதித் தாங்கி என்றால் 60 சென்ரிமீற்றர் ஆழம், 2.7 தொன் தண்ணீர். செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் என்ற அமர்முடுகலோடு பிரேக் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். அது மோசமான பிரேக் அல்ல, சாதாரணமாக அழுத்திப் பிடிப்பதுதான். அந்த அமர்முடுகலைப் புவியீர்ப்பு 9.81 ஆல் வகுத்தால் மேற்பரப்பின் சரிவு வரும்: ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பதினொன்றரைப் பாகை. 3 மீற்றர் நீளத்தில் முன்பக்கம் 30 சென்ரிமீற்றர் ஏறும், பின்பக்கம் 30 இறங்கும். தண்ணீரின் புவியீர்ப்பு மையம் 25 சென்ரிமீற்றர் முன்னுக்குப் போய்விடும். இந்த இடப்பெயர்ச்சிக்கு ஒரு சின்னச் சூத்திரம் உண்டு. நீளத்தின் வர்க்கத்தைச் சரிவால் பெருக்கி, ஆழத்தின் பன்னிரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டிய சொல் "வர்க்கம்". நீளத்தை இரண்டாகப் பிரித்தால் இடப்பெயர்ச்சி நாலில் ஒன்றாகும், மூன்றாகப் பிரித்தால் ஒன்பதில் ஒன்று. 25 சென்ரிமீற்றர், ஒரு தகட்டோடு 6 சொச்சம், இரண்டு தகட்டோடு 3 கூட இல்லை. முழுதாக அடைத்த தகடு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. துளைத் தகட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது தண்ணீர் ஆற அமரச் சாய்ந்து நிற்கும்போது உள்ள நிலை. உண்மையில் பிரேக் பட்டென்று விழுகிறது. பட்டென்று விழுந்தால் தண்ணீர் அந்தச் சரிவில் நின்றுவிடாமல் தாண்டிப் போகும், கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்கு. அதாவது முன்பக்கம் 60 சென்ரிமீற்றர் ஏறி உங்கள் 1.2 மீற்றர் கூரையைத் தொடும், பின்பக்கம் அடித்தகடு வெளியே தெரியும். பிரேக் பிடித்ததும் உங்கள் காதில் விழும் அந்த "டமார்" சத்தம் கூரையில் தண்ணீர் அடித்ததுதான்.

இனித்தான் விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம். பெட்டிக்குள் இருக்கும் தண்ணீருக்குத் தனக்கென்று ஒரு அலைவு காலம் இருக்கிறது, ஊஞ்சலுக்கு இருப்பது போல. நீங்கள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு என்று சொன்னதால் சூத்திரத்தையே தருகிறேன். பை-யை நீளத்தால் வகுத்து ஒரு எண் எடுங்கள். அதை ஆழத்தால் பெருக்கி, அதன் அதிபரவளைவுத் தாஞ்சனை (tanh) கல்குலேட்டரில் எடுங்கள். அதை முதல் எண்ணாலும் 9.81 ஆலும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். இரண்டு பை-யை அந்த விடையால் வகுத்தால் அலைவு காலம் செக்கனில் வரும். உங்கள் தாங்கிக்குப் பாதி ஆழத்தில் 2.6 செக்கன். கால்வாசித் தண்ணீர் என்றால் 3.6 செக்கன், மூடிக்கு 10 சென்ரிமீற்றர் குறைய நிறைத்தால் 2.2. சூத்திரத்தில் தண்ணீரின் எடை எங்குமே வரவில்லை, பார்த்தீர்களா? தண்ணீருக்குப் பதில் டீசல் ஊற்றினாலும் இதே செக்கன்தான்.

இப்போது நீங்கள் மணிக்கு 9, 10 கிலோமீற்றரில் வந்து ஒரு வீட்டு வாசலில் நிறுத்துகிறீர்கள். மேலே சொன்ன பிரேக்கில் நிற்க எடுக்கும் நேரம் 1.3 செக்கன். அலைவு காலத்தில் சரிபாதி! இதைவிட மோசமான பொருத்தம் கிடையாது. தண்ணீர் முன்னுக்கு முழுதாக ஏறிய அதே கணத்தில் வண்டி நின்றுவிடுகிறது. சாய்த்துப் பிடித்திருந்த அமர்முடுகல் இல்லாமல் போகிறது, இரண்டு மடங்கு ஏறிய தண்ணீர் அப்படியே பின்னுக்கு விழுகிறது. புவியீர்ப்பு மையம் முன்னுக்கு அரை மீற்றர் போனது, இனிப் பின்னுக்கும் அரை மீற்றர் போகப் பார்க்கும். 2.7 தொன்னை அரை மீற்றரால் பெருக்கி, பெட்டியின் அச்சுக்கும், அதை உழவு இயந்திரத்தோடு மாட்டும் கொக்கிக்கும் இடையே 3 மீற்றர் என்று வைத்து வகுத்தால் 450 கிலோ. அவ்வளவும் முதலில் கொக்கியைக் கீழே அழுத்தி, ஒன்றேகால் செக்கன் கழித்து மேலே தூக்குகிறது. பெட்டியின் அச்சு தாங்கிக்கு நேர் நடுவில் இருந்தால், அந்தத் தூக்கலைச் சமாளிக்கக் கொக்கியில் பாரமே இருக்காது. பின்சில்லு லேசாகிறது என்று நீங்கள் உணர்ந்தது மனப்பிரமை இல்லை. கூரையில் மோதுவதால் உண்மையில் இந்த எண்கள் கொஞ்சம் குறையும். கணக்கின் திசை மாறாது.

இதே கணக்கு ஒரு நல்ல வழியையும் காட்டுகிறது. பிரேக்கை 1.3 செக்கனுக்குப் பதில் 2.6 செக்கன், அதாவது முழு அலைவு காலத்துக்கு, ஒரே சீராகப் பிடித்தால் தண்ணீர் முன்னுக்கு ஏறித் திரும்பி மட்டத்துக்கு வரும் கணத்தில் வண்டி நிற்கும். நின்ற பிறகு ஆட்டமே மிஞ்சாது, கொள்கையளவிலாவது. நிற்கும் தூரம் ஒன்றேமுக்கால் மீற்றரிலிருந்து மூன்றரை மீற்றராகும், அவ்வளவுதான். தொழிற்சாலைகளில் திறந்த பாத்திரத்தில் திரவத்தை நகர்த்தும் இயந்திரக் கைகளுக்கு இப்படித்தான் நேரம் பார்த்து நிரல் எழுதுகிறார்கள். அனுபவமுள்ள பவுசர் (தாங்கி வண்டி) சாரதிகள் சூத்திரம் தெரியாமலே இதைச் செய்வதைக் கண்டிருக்கிறேன். மெல்லப் பிடித்து, நிற்கும் முன்னால் ஒருமுறை விட்டுப் பிடிப்பார்கள். ஆனால் ஆடு குறுக்கே பாய்ந்தால் யாரும் 2.6 செக்கன் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள், அதனால்தான் தகடு.

றோட்டுக் குழிகளும் இதே வேலையைச் செய்யும். மணிக்கு 10 கிலோமீற்றரில் போகும்போது ஏழு மீற்றருக்கு ஒரு குழி வந்தால் 2.6 செக்கனுக்கு ஒரு தள்ளு. அலைவு காலத்தோடு ஒத்துப்போய் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும், இதுதான் பரிவு நிலை. மெதுவாகப் போகிறோமே என்று நினைத்திருப்பீர்கள், வேகத்தைச் சற்று மாற்றினாலே ஆட்டம் அடங்கும்.

சரி, ஆராய்ச்சி. இது தாங்கியில் தொடங்கவில்லை, ஏரியில் தொடங்கியது. சுவிட்சர்லாந்துக்காரர் மேரியன் 1828 இல் ஒரு நீண்ட நீர்நிலை முழுதாக ஆடும் காலத்துக்குச் சூத்திரம் எழுதினார். நீளத்தின் இரண்டு மடங்கை, ஆழத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் வகுப்பது. ஜெனீவா ஏரி ஏறத்தாழ 73 நிமிடத்துக்கு ஒருமுறை ஆடுகிறது என்பதை அதே நூற்றாண்டில் ஃபொரெல் அளந்து காட்டினார். நான் மேலே தந்த சூத்திரம் ஆழம் குறையக் குறைய மேரியனுடையதாகவே மாறிவிடும். உங்கள் கால்வாசித் தாங்கிக்கு மேரியனைப் போட்டுப் பாருங்கள், 3.5 செக்கன் வரும். கொட்டியாரக் குடா போன்ற குடாக்களும் இப்படி ஆடும். ஒரு பக்கம் கடலுக்குத் திறந்திருப்பதால் அங்கே இரண்டுக்குப் பதில் நாலு மடங்கு நீளம் போட வேண்டும்.

தாங்கிக்கு இந்தக் கவனம் வந்தது 1950களில், ரொக்கெட்டுகளால். ரொக்கெட்டின் எடையில் பெரும்பகுதி திரவ எரிபொருள். அது ஆடினால் வழிகாட்டும் கருவி குழம்பிவிடும். 1952 இல் கிரேயமும் ரொட்ரிகஸும் செவ்வகத் தாங்கித் தண்ணீரை இரண்டு பங்காகப் பார்க்கலாம் என்று கணித்தார்கள்: ஒரு பங்கு தாங்கியோடு ஒட்டிக்கொண்டு நகர்வது, மற்றது சுருளில் கட்டிய திணிவு போலத் தனியாக ஆடுவது. 1957 இல் ஹவுஸ்னர் இதை நிலநடுக்கத்துக்கு எளிமையாக்கித் தந்தார், தண்ணீர்த் தொட்டி வடிவமைப்பவர்கள் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். 1966 இல் ஏப்ராம்சன் நாசாவுக்காக எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்தார். இவ்வளவுக்கும் பிறகு, 2007 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபல்கன் 1 ரொக்கெட்டின் இரண்டாவது பயணம் இரண்டாம் கட்டத் தாங்கியில் திரவ ஒட்சிசன் தளும்பியதால் கட்டுப்பாடு இழந்து தோற்றது. அந்தத் தாங்கிக்குள் தடுப்புத் தகடு வைக்கவில்லை.

அந்த இரண்டு பங்குக் கணக்கை உங்கள் தாங்கிக்குப் போட்டால் நிலைமை பளிச்சென்று தெரியும். பாதி ஆழத்தில் 72 வீதத் தண்ணீர் ஆடுகிறது, 28 வீதம்தான் சமத்தாக இருக்கிறது. நடுவில் ஒரு அடைத்த தகடு வைத்தால் ஆடுவது 55 வீதம், இரண்டு வைத்தால் 41. அலைவு காலமும் 2.6 இலிருந்து 1.5 ஆகவும் 1.2 ஆகவும் குறைகிறது. பிரேக் பிடிக்கும் நேரத்தோடு பொருந்திப் போகும் அந்தக் கெட்ட ராசி அத்தோடு உடைகிறது.

மேலே சொன்னதெல்லாம் அலை சிறிதாக இருந்தால் செல்லும் கணக்கு. அலை பெரிதானால் ஆராய்ச்சி சுவையாகிறது. 1960 இல் தஜ்பக்ஷும் கெல்லரும் கண்டது இது: ஆழம் நீளத்தின் 0.337 மடங்குக்கு மேலே இருந்தால் அலை பெரிதாகப் பெரிதாக ஆட்டம் மெதுவாகும், அதற்குக் கீழே இருந்தால் வேகமாகும். உங்கள் தாங்கியில் அந்த எல்லை ஒரு மீற்றர். 1974 இல் நோர்வேயின் ஃபால்டின்சன் செவ்வகத் தாங்கிக்கென்றே, பெரிய அலைக்கும் செல்லும் ஒரு நேரிலாக் கொள்கை எழுதினார். பின்னாளில் திமோகாவோடு சேர்ந்து அதை விரித்தபோது, சதுர அடித்தளமுள்ள தாங்கியை ஒரே திசையில் ஆட்டினாலும் தண்ணீர் சுழலத் தொடங்கிவிடுவதையும் விளக்கினார்கள். இந்த அக்கறைக்குக் காரணம் திரவ எரிவாயு ஏற்றும் கப்பல்கள். மென்தகட்டு உறை போட்ட அந்தக் கப்பல் தாங்கிகளில் பொதுவாக ஆழம் நீளத்தின் 10 வீதத்துக்குக் கீழே, அல்லது உயரத்தின் 70 வீதத்துக்கு மேலே இருந்தால்தான் கடலுக்குப் போகலாம். இடைப்பட்டது ஆகாது.

இன்னும் ஆழம் குறைந்தால் அது அலையே அல்ல. ஒரு செங்குத்துத் தண்ணீர்ச் சுவர் சுவருக்குச் சுவர் ஓடும். 1965 இல் வெர்ஹாகனும் வான் வெய்ன்கார்டனும் இதைக் கணக்கிட்டார்கள். கடைசி ஐந்நூறு லீற்றரோடு வீடு திரும்பும்போது "சளார் சளார்" என்று அடிக்கிறதே, அதுதான். பெரிய ஆபத்தில்லை, தண்ணீர் குறைவு.

இந்த அடிகளின் அழுத்தத்தை அளப்பது இன்றும் தலையிடி. ஒரே தாங்கி, ஒரே ஆட்டம், ஒரே ஆழம் என்று வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தாலும் மோதும் இடத்து அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறாக வரும். இடையில் சிக்கும் காற்றுக்குமிழி ஒவ்வொரு முறையும் வேறு விதம். கணினியில் செய்வதற்கு 1981 இல் ஹேர்ட், நிக்கல்ஸ் தந்த கனவளவுப் பின்ன முறை, அதாவது ஒவ்வொரு சிறு கட்டத்திலும் எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்க்கும் முறை, பரவலாகப் பாவனையில் இருக்கிறது. தண்ணீரைத் துகள்களாகப் பார்க்கும் முறையும் உண்டு. உங்கள் தாங்கிக்கு இரண்டுமே தேவையில்லை.

தகட்டுக்கு வருவோம். தகடு இரண்டு வேலை செய்கிறது, ஆட்கள் ஒன்றைத்தான் நினைக்கிறார்கள். முதலாவது நீளத்தை உடைப்பது, மேலே பார்த்தாயிற்று. இரண்டாவது ஆட்டத்தைத் தின்பது. மழமழப்பான தாங்கியில் தண்ணீர் தானாக அடங்குவது மிக மெதுவாக, வடிவமைப்பு விதிகள் தணிப்பை, ஆட்டமே வராமல் அடக்கத் தேவையான அளவில் வெறும் அரை வீதம் என்றே எடுக்கின்றன. அப்படியென்றால் ஒரு ஆட்டத்துக்கு மூன்று வீதம்தான் குறையும். பத்து ஆட்டம் கழித்தும் முக்கால்வாசி மிச்சம், அரை நிமிடத்துக்குக் கிட்ட. துளையுள்ள தகடு என்றால் தண்ணீர் துளைக்குள் பிதுங்கிச் சுழித்துச் சக்தியை இழக்கும். ஆகவே துளைத் தகடு தரக்குறைவானது அல்ல. ஆனால் துளை கூடிவிட்டால் தகடு இருந்தும் இல்லாதது போல. ஆபத்தான பொருட்களை ஏற்றும் வண்டிகளுக்கான ஐரோப்பிய விதியில் தகடு குறுக்குவெட்டின் 70 வீதத்தையாவது மறைக்க வேண்டும். அதே விதி, 7500 லீற்றருக்கு மேற்படாத அறைகளாகப் பிரிக்காத தாங்கியை ஒன்றில் 80 வீதத்துக்குக் குறையாமல் நிரப்பு, அல்லது 20 வீதத்துக்கு மேல் நிரப்பாதே என்கிறது. உங்கள் 5400 லீற்றர் அந்த விதிக்குள் வராது. ஆனாலும் அந்த 80, 20 கணக்கை மனதில் வைத்திருங்கள்.

ஒரே தகடுதான் வைக்கப் பணம் இருக்கிறதென்றால் சரி நடுவில் வையுங்கள். முதல் ஆட்டத்தில் தண்ணீர் கிடையாக வேகமாக ஓடுவது நடுவில்தான், ஓரத்தில் அது மேலும் கீழுமே போகிறது. அடியிலிருந்து அரையடி உயரத்துக்கு ஒரு பட்டியை ஒட்டிவிட்டுத் தடுப்பு என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன, நம்பாதீர்கள். தண்ணீர் மட்டத்தைத் தொடாத பட்டிக்கு மேலால் பாதித் தாங்கி தாராளமாக ஓடும். குறுக்குத் தகடு பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்காது என்பதும் கவனம். ஒன்றரை மீற்றர் அகலத்தில் அந்த ஆட்டம் 1.5 செக்கன், வளைவில் அதுவே வண்டியைச் சாய்க்கும். மணல் வழியில் அடிக்கடி திரும்புபவர் என்றால் நெடுக்காக ஒரு துளைத் தகடும் வையுங்கள்.

இரண்டு தகட்டால் வரும் மூன்று அறையையும் முழுதாக அடைத்து ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைத்தால் ஒரு அறையைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறக்கலாம். பாதித் தாங்கி என்ற நிலையே வராது, ஒரு நேரத்தில் ஒரு அறைதான் குறைகுடம். செலவு கூடத்தான், எனக்குப் பிடித்தது இதுதான். ஒன்றில் மட்டும் கவனம்: முன்னறையை முதலில் தீர்க்கக் கூடாது. பின்னறை நிறைய இருக்க முன்னறை வெறுமையானால் கொக்கி மேலே தூக்கும், நாம் தவிர்க்கப் பார்த்த அதே வினை.

நம்பிக்கை வரவில்லையென்றால் 60 சென்ரிமீற்றர் நீளமான மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் 12 சென்ரிமீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். அது உங்கள் தாங்கியின் ஐந்தில் ஒரு பங்கு மாதிரி. ஒரு முனையை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் பத்து ஆட்டத்தை எண்ணினால் பன்னிரண்டு செக்கனுக்குச் சற்றுக் குறைய வரும். காலம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு போவதால் அதை ஐந்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் உங்கள் பவுசரின் காலம். துளையிட்ட பிளாஸ்ரிக் அட்டையை நடுவில் செருகி மறுபடி பாருங்கள்.

சீனக்குடாத் தாங்கிகள் வட்டமானவை, பெரியவை, அசையாமல் நிலத்தில் நிற்பவை. அவற்றை ஆட்டக்கூடியது நிலநடுக்கம் மட்டும்தான், அதிலும் மெதுவாக அசையும் வகை. 40 மீற்றர் விட்டம், 10 மீற்றர் ஆழம் என்று ஒரு தாங்கியை எடுத்தால் அலைவு காலம் எட்டுச் செக்கனுக்குக் கிட்ட வரும். 2003 செப்டெம்பரில் ஜப்பானின் ஹொக்கைடோ நிலநடுக்கத்தில் தொமகொமாய் நகரத்து எண்ணெய்த் தாங்கிகள் இப்படி ஆடி மிதக்கும் கூரைகள் பழுதாகின. ஒன்று அன்றே தீப்பிடித்தது, இரண்டு நாள் கழித்து ஒரு நாப்தா தாங்கி எரிந்தது. நம் பக்கம் அப்படிப்பட்ட நிலநடுக்கப் பகுதி அல்ல.

தகடு வைக்கும்போது கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவை. இரண்டு தகடும் மீற்றருக்கு ஒன்று. முழுதாக அடைக்காத தகடென்றால் கீழ் மூலைகளில் தண்ணீர் வடிய வெட்டு, மேலே காற்றுப் போக இடைவெளி. தட்டைத் தகட்டுக்குக் கோண இரும்பு முட்டுக் கொடுத்து இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னும் பின்னும் வளைந்தால் ஒட்டு சில மாதங்களிலேயே வெடிக்கும். அறை அறையாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆள் இறங்கும் மூடி தேவை, கழுவ வேண்டுமே. பிறகு, மூடிய தாங்கிக்குள் ஆளை இறக்கி ஒட்டுவிக்கும்போது எல்லா மூடியையும் திறந்து, காற்றாடி போட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க விடுங்கள்.